பின்வளவில் ஒரு குசினி

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் கல்முனைப் பக்கம். வயது 26. வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் உயிரியலில் பட்டம் முடித்து இரண்டு வருஷம். இப்போது ஒரு ரியூசன் சென்ரரில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். என் மனம் எப்போதும் கட்டடக்கலையில்தான். இனி மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாமா, கொழும்பில் வேலை செய்துகொண்டே படிக்கலாமா, இந்தியாவா, வெளிநாடா? நாலு வருஷம் வீணாகிவிட்டதா? பெரிய கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவும் முதலில் சட்டம்தானே படித்தார்? எனக்குப் பிடித்த ஐந்து வீடுகளின் படங்களை இணைத்திருக்கிறேன். அம்மா ஏசுகிறார், "உனக்குக் கட்டுற வீடு லிண்டல் மட்டத்தோட நிற்குது, நீ வீடு கட்டப் படிக்கப் போறியோ" என்று. கதவு, ஜன்னல் உயரத்துக்குமேல் சுவர் எழும்பவில்லை.

(பெயர் போட வேண்டாம்.)

அன்புள்ள மகள்,

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த வசனம் அம்மா ஏசியதுதான். அதை நீங்கள் கடைசியில் ஒரு முறைப்பாடாகப் போட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். இரண்டு நாளாக நான் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, கேட்டதற்கு முதலில் பதில். மொறட்டுவையை மறந்துவிடுங்கள். அங்கே உயர்தரப் புள்ளியோடு உளச்சார்புப் பரீட்சையும் வைத்துத்தான் எடுக்கிறார்கள். அதைவிட, அரச பல்கலைக்கழகத்தில் ஒரு தரம் உள்வாரியாகப் பதிந்தவருக்கு மறுபடி இடம் இல்லை. உங்கள் இடத்தை வந்தாறுமூலையில் செலவழித்துவிட்டீர்கள். இந்தியாவில் பி.ஆர்க் என்ற கட்டடக்கலைப் பட்டம் ஐந்து வருஷம். பிளஸ் டூவில் கணிதம் கேட்பார்கள், உயிரியல் பிரிவில் வந்த உங்களுக்கு அது சிக்கல். நேரே முதுநிலைப் பட்டமான எம்.ஆர்க் போகலாம் என்றால் அதற்கு பி.ஆர்க் வேண்டும். அமெரிக்காவில் வேறு பாடம் படித்தவர்களுக்கென்றே மூன்று, மூன்றரை வருஷ எம்.ஆர்க் உண்டு. புலமைப்பரிசில் கிடைக்காவிட்டால் உங்கள் வளவை விற்றாலும் காசு காணாது. மிச்சம் கொழும்பில் இலங்கைக் கட்டடக் கலைஞர்கள் நிறுவகத்தின் சிற்றி ஸ்கூல் ஒஃப் ஆர்க்கிடெக்சர். ஒரு கட்டடக் கலைஞரிடம் வேலை செய்துகொண்டே படிக்கிற வழி அது. எனக்கு அதுதான் சரியென்று படுகிறது. பகுதி ஒன்று, இரண்டு, மூன்று என்று தாண்டிப் பட்டயம் வாங்க ஏழெட்டு வருஷம் வைத்துக்கொள்ளுங்கள். முப்பத்துநாலு வயதில் எங்கள் ஊரில் யாரும் கிழவியாவதில்லை.

பாவாவுக்கு வருவோம். இந்தப் படிப்புக்கு ஆசைப்படுகிற எல்லாரும் அவரையும் கையோடு கூட்டிக்கொண்டு வருகிறார்கள். கேம்பிரிட்ஜில் ஆங்கிலம் படித்தார், பிறகு சட்டம், 1957இல் 38 வயதில்தான் கட்டடக் கலைஞரானார். எல்லாம் உண்மை. ஆனால் அதற்கு முன்பே பெந்தோட்டைக்குப் பக்கத்தில் ஒரு றப்பர் தோட்டத்தை வாங்கி, அதைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டிருந்த மனிதர் அவர். உங்கள் அம்மா சீட்டுக் காசில் கல் பறித்திருப்பார். பாவாவிடம் எடுக்க வேண்டியது ஒன்றுதான். லண்டனுக்குப் படிக்கப் போகுமுன் கொழும்பில் எட்வர்ட்ஸ், றீட் அன்ட் பெக் அலுவலகத்தில் போய்ப் பழகினார். அதைச் செய்யுங்கள்.

நீங்கள் அனுப்பிய ஐந்து படமும் ஒரே வீடுதான். வெள்ளைப் பெட்டி, தட்டைக் கூரை, தாவாரம் கிடையாது, சுவர் முழுக்கக் கண்ணாடி. ஆடி மாதக் கச்சான் காற்றில் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மணித்தியாலம் இருந்து பாருங்கள், அவிந்துபோவீர்கள். மார்கழி மழையைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஐந்து படத்திலும் ஓர் ஆள் இல்லை. வாசலில் ஒரு செருப்புக்கூட இல்லை.

நான் பகலில் பிரதேச சபை அங்கீகாரத்துக்குப் பிளான் கீறிக் கொடுத்துச் சீவித்தவன், கதை எழுதியதெல்லாம் இரவில். முப்பது வருஷம் என் மேசைக்கு முன்னால் வந்து குந்தினவர்கள் "மூத்தவளுக்கு" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையிலும் தமிழரும் சரி, முஸ்லிம்களும் சரி, வீடு கட்டுவது பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடிந்து மாப்பிள்ளை வந்து ஏறுவார். தாயும் தகப்பனும் இறங்குவார்கள். எங்கே இறங்குவார்கள் என்பதைக் கீறச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. நானும் கீறியதில்லை.

எங்கள் குடும்பம் நாவலடி, மட்டக்களப்பில் கடற்கரையோர ஊர். 1978 நவம்பர் 23, சூறாவளி அடித்தபோது எனக்குப் பத்து வயது. விடிந்து பார்த்தால் வீட்டுக்குச் சுவர் இருந்தது, ஓடு இல்லை. குசினி நின்ற இடத்தில் மூன்று அடுப்புக்கல் மட்டும். கூரையைப் பற்றி ஆம்பிளைகள் கூடிப் பேசிக்கொண்டிருக்க, அம்மா குசினியை எழுப்பிவிட்டார். கிடுகுக்குப் பஞ்சமில்லை, ஊரில் இருந்த தென்னையெல்லாம் தரையில் கிடந்தன.

2004இல் கடல் வந்து அந்த வீட்டையே கொண்டுபோனது. அம்மா அன்றைக்கு ரவுனில் என்னோடு நின்றதால் தப்பினார். பிறகு, கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று சொல்லி, உள்ளே காணி ஒதுக்கி 500 சதுர அடியில் வீடு கொடுத்தார்கள். யார் கட்டினார்கள் என்பது வேண்டாம், நல்ல மனதோடுதான் கட்டினார்கள். ஒரு ஹோல், இரண்டு அறை, ஹோலின் மூலையில் ஆறடிக்கு ஐந்தடியில் குசினி. காஸ் அடுப்பை நினைத்துக் கட்டியது. அம்மா விறகு எரிப்பவர். பால் காய்ச்சிய அன்றே வீடு முழுக்கப் புகை. அடுத்த நாள் பின்கதவுக்கு வெளியே மூன்று கல் வைத்தார். மறுகா நாலு கப்பு, மேலே கிடுகு. கை உயர்த்தினால் கூரை தட்டும்.

அந்தக் குசினிக்குச் சுவர் கிடையாது, இரண்டு தட்டிதான். கச்சான் தொடங்கினால் மேற்குப் பக்கம் கட்டுவார், மற்றப் பக்கம் திறந்து கிடக்கும், புகை கடலைப் பார்த்துப் போகும். வாடைக்காற்று வந்ததும் தட்டியை அவிழ்த்து வடகிழக்கில் கட்டுவார். வருஷத்தில் இரண்டு தரம், அரை மணித்தியால வேலை. யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. மாதம் ஒன்று முடியுமுன் அந்த வரிசையில் வீட்டுக்கு வீடு பின்னால் ஒரு கிடுகுக் குசினி.

வீட்டுத் திட்டத்திலிருந்து ஒரு பொடியன் பைலோடு வந்தான். ஒவ்வொரு வளவாகப் போய் "அனுமதியற்ற கட்டுமானம்" என்று எழுதினான். அம்மா, "இருங்கோ மகன், தேத்தண்ணி குடிச்சிட்டு எழுதுங்கோ" என்றார். குடித்தான். அது கொதித்தது அனுமதியற்ற அடுப்பில்தான் என்பதைப் பாவம் அவன் யோசித்திருக்க மாட்டான்.

2009இல் கடைசித் தங்கச்சிக்குக் கலியாணம். வீட்டை அவளுக்கு எழுதினோம். அன்று இரவே அம்மா பாயையும் ட்ரங்குப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு பின்னால் போய்விட்டார். குசினியோடு ஒரு பத்தி இறக்கி, அரைச்சுவர் வைத்து, பதினொரு வருஷம் அங்கேதான் இருந்தார், அங்கேதான் கண்ணை மூடினார். ஓர் அறை கட்டித்தருகிறேன் என்று நான் கேட்காமல் இல்லை. "எனக்கு அடுப்படி காணும் மகன். உள்ளுக்க நான் கிடந்தா மருமகனுக்குச் சங்கடம்" என்றார். அதோடு நானும் விட்டுவிட்டேன். ஊரில் இருக்கிற வீடெல்லாம் அளந்தவன், அந்தக் குசினியை ஒரு நாள் அளந்து கீறவில்லை. இப்போது அந்த இடத்தில் தங்கச்சியின் மாபிள் போட்ட பாத்ரூம் நிற்கிறது. குசினி எவ்வளவு நீளம் என்று கேட்டால், அம்மா அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தபடியே கையை நீட்டி உறியைப் பிடித்ததை நினைத்து, பத்தடி இருக்கும் என்று சொல்லலாம். அவ்வளவுதான்.

நீங்கள் என்ன கேட்டீர்கள்? நாலு வருஷம் வீணா என்று. மகள், தவளையை அறுத்து, பார்த்துக் கீறி, பக்கத்தில் கோடிழுத்துப் பெயர் குறித்த கை உங்களுடையது. வீணென்று யார் சொன்னது? அந்த எச்பி பென்சிலைத் தேடி எடுங்கள்.

ஆனால் இதற்கு நான் ஏசத்தான் வேண்டும். உங்கள் வளவில் உங்கள் பெயரில் ஒரு வீடு லிண்டல் மட்டத்தில் நிற்கிறது. எத்தனை பிள்ளைக்கு இந்த வாய்ப்பு வரும்? அதன் பிளானை யார் கீறினார்? குசினி ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது? நீங்கள் கலியாணம் முடித்து உள்ளே போனபிறகு அம்மா எங்கே படுப்பார்? இதில் ஒன்றைக்கூட எழுதாமல் எந்த நாட்டிலோ இருக்கிற ஆளில்லாத வீட்டுப் படங்களை எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். கொழும்பில் வேலைக்கு எடுக்கிறவரும் சரி, அமெரிக்காக்காரனும் சரி, நீங்கள் கீறியதைத்தான் காட்டச் சொல்வார்கள்.

இந்த மாதத்துக்குள் இரண்டையும் அளந்து கீறுங்கள்: கட்டிக்கொண்டிருக்கிற வீடு, இப்போது நீங்கள் இருக்கிற வீடு. பின்வளவு, கிணறு, கோழிக்கூடு உட்பட. மேசன் பின்னேரம் தேத்தண்ணிக்கு இருக்கும்போது பக்கத்தில் போய் இருந்து, ஏன் அந்த ஜன்னலை அங்கே விட்டார் என்று கேளுங்கள். அவர் சிரிப்பார், பிறகு சொல்வார். அளவுநாடா இல்லாவிட்டால் அம்மாவின் தையல் நாடா போதும். 150 சென்ரிமீற்றர்தான், நீளமான சுவருக்கு அம்மாவையே மற்ற முனையைப் பிடிக்கச் சொல்லுங்கள். மழைக்கு முன் அளந்துவிடுங்கள். மழை தொடங்கியதும் குடையோடு இன்னொரு தரம் போய், தாவாரத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பார்த்து அதையும் குறியுங்கள். கீறியதை எனக்கு அனுப்புங்கள்.