தொங்கலும் நீல நாடாவும்: ஒரு கடிதம்

அண்ணா, வணக்கம். எங்க சர்ச் வாலிபர் பைபிள் ஸ்டடியில எண்ணாகமம் 15 படிச்சோம். கடைசியில, இஸ்ரவேலர் துணி ஓரத்துல தொங்கல் (நூல் குஞ்சம்) வச்சு அதுல இளநீல நாடா கட்டணும்னு வருது. இது தாயத்து மாதிரிதானேன்னு ஒருத்தர் கேட்டாரு, எங்களால பதில் சொல்ல முடியல. பெரும்பாடுள்ள (ரத்தப்போக்கு நிக்காத) அந்த அம்மா இயேசுவோட வஸ்திரத்து ஓரத்தைத் தொட்டாங்களே, அதுவும் இதுதானா? கொஞ்சம் எழுதுங்களேன்.

அன்புள்ள தம்பி,

தாயத்து இல்ல. கெட்டது அண்டக்கூடாதுன்னுதான் தாயத்து கட்டுறாங்க. 39ஆம் வசனத்தைத் திரும்பப் படிங்க, இந்த நூல் உன்னைக் காப்பாத்தும்னு ஒரு வார்த்தை கூட இருக்காது. அதைப் பாக்கணும், பாத்ததும் கட்டளையெல்லாம் ஞாபகம் வரணும், அதும்படி செய்யணும், மனசும் கண்ணும் இழுக்கிற பக்கம் போயிடக்கூடாது, அவ்வளவுதான் சொல்லியிருக்கு.

எனக்கு இதுல ரொம்பப் பெரிய விஷயமாப் படுறது அந்த நீலம்தான். துணி ஓரத்துக்கு அந்தக் காலத்துல மேற்காசியா முழுக்க ஒரு மதிப்பு இருந்துச்சு, மெசொப்பொத்தேமியாவுல களிமண் பத்திரத்துல முத்திரைக்குப் பதிலா அங்கி ஓரத்தை அழுத்தி வச்சிருக்காங்க. தாவீது சவுலோட சால்வைத் தொங்கலை அறுத்துட்டு அப்புறம் மனசு அடிச்சுக்கிட்டு நிக்கிறானே, ராஜாவோட அதிகாரத்துலயே கை வச்சுட்டோமேங்கிற பதைப்பு அது. அப்படிப்பட்ட ஓரத்துல நீலம் கட்டச் சொல்றாரு கடவுள். யூத மரபுப்படி அந்தச் சாயம் கடல் உயிரி ஒண்ணுலேர்ந்து வரணும், அது மத்தியதரைக் கடல் மியூரெக்ஸ் சங்குன்னு இன்னைக்குப் பல ஆய்வாளர்கள் சொல்றாங்க, ஒரு சங்குல சில துளிதான் தேறும், அதனால பயங்கர விலை. இஸ்ரவேலர் ஆராதிச்ச ஆசரிப்புக் கூடாரத் திரையில அந்த நீலம், பிரதான ஆசாரியனோட அங்கியில அந்த நீலம், 'கர்த்தருக்குப் பரிசுத்தம்'னு எழுதின பொன் தகட்டை அவன் பாகையில கட்டுறதும் இளநீல நாடாவாலதான் (யாத்திராகமம் 28). அதே நாடாவுல ஒண்ணை ஆடு மேய்க்கிறவன், வயல்ல அறுக்கிறவன் எல்லாரும் கட்டிக்கணும்!

இன்னொண்ணும் பாருங்க. உபாகமம் 22:11 ஆட்டுமயிரும் சணலும் கலந்த துணி கூடாதுங்குது, அடுத்த வசனமே தொங்கல் வைக்கச் சொல்லுது. இது ரெண்டையும் சேர்த்துப் படிச்ச ரபிமார் (யூத வேத போதகர்கள்), சணல் துணியிலயும் நீலக் கம்பளி நூல் கட்டலாம், இதுக்கு மட்டும் விலக்கு உண்டுன்னாங்க. அந்தக் கலப்பு ஆசாரியர் உடுப்புல உள்ளது. ஜேக்கப் மில்க்ரோம்னு ஒரு அறிஞர் இதை வச்சுத்தான், சாதாரண ஜனங்க ஆசாரிய உடுப்புல ஒரு துளியைப் போட்டுக்கிறாங்க, 'ஆசாரிய ராஜ்யம்'னு யாத்திராகமம் 19:6 சொல்றது இப்படித்தான் கண்ணுக்குத் தெரியுதுன்னு எழுதினார். எனக்கும் அதுதான் சரின்னு தோணுது.

இந்தக் கட்டளை எந்த இடத்துல வருதுன்னும் கவனிக்கணும். 13, 14ஆம் அதிகாரத்துல கானானை வேவு பார்த்தவங்க கண்ணால கண்டதுக்குப் பயந்து ஜனங்களையும் கெடுத்தாங்க, 15ல ஓய்வுநாள்ல விறகு பொறுக்கின ஒருத்தனைக் கல்லெறிஞ்சு கொன்னாங்க, உடனே தொங்கல், அடுத்து 16ல கோராகுன்னு ஒரு லேவியன் கிளம்பி, சபையார் எல்லாரும் பரிசுத்தமானவங்கதானே நீங்க மட்டும் ஏன் உசந்து நிக்கிறீங்கன்னு மோசேகிட்ட சண்டைக்கு வர்றான். அவன் கேட்டது அவன் துணி ஓரத்துலயே ஏற்கெனவே இருக்கு! ஆனா அது கட்டளையை நினைச்சு நடக்கறதுக்குக் குடுத்தது, பதவி கேக்குறதுக்கு இல்ல. யூத மரபுல ஒரு கதை உண்டு, முழுக்க நீலமாவே இருக்கிற அங்கிக்கும் நீல நூல் வேணுமான்னு கோராகு கேட்டானாம், வேணும்னாராம் மோசே.

பின்னாடி அந்தச் சாயம் செய்யற முறையே மறைஞ்சுபோயி, ஆயிரம் வருஷத்துக்கு மேல யூதர்கள் வெறும் வெள்ளை நூல்தான் கட்டினாங்க. மியூரெக்ஸ் சாயம் ஊதாவா வருதே, நீலம் எங்கேன்னு ஆராய்ச்சியாளர்கள் முழிச்சுக்கிட்டு இருந்தாங்க, 1980கள்ல ஓட்டோ எல்ஸ்னர்ங்கிற இஸ்ரேலிய வேதியியலாளர், சாயக் கரைசல் மேல வெயில் பட்டா நீலமாகுதுன்னு கண்டுபிடிச்சார். இப்ப சிலர் மறுபடி நீலம் கட்டுறாங்க.

ரெண்டாவது கேள்விக்கு, ஆமா, மத்தேயு 9:20ல அந்த அம்மா தொட்டது இந்தத் தொங்கலைத்தான்னு பெரும்பாலான உரையாசிரியர்கள் சொல்றாங்க. லேவியராகமம் 15படி தீட்டுன்னு ஒதுங்கியே இருக்க வேண்டியவங்க, பரிசுத்தத்துக்கு அடையாளமான இடத்தையே போய்த் தொட்டிருக்காங்க, அந்தத் துணிச்சலை நினைச்சா எனக்கு இன்னைக்கும் சிலிர்க்குது. மத்தேயு 23:5ல இயேசு கண்டிக்கிறது ஊர் பாக்கணும்னு தொங்கலைப் பெருசாக்குறவங்களை, தொங்கலை இல்ல.

அடுத்த வாரம் 13லேர்ந்து 16 வரைக்கும் ஒரே மூச்சுல படிச்சுப் பாருங்க, கோராகு பகுதியில நிறைய கேள்வி வரும், எழுதுங்க.