சம்பளப் பட்டியலில் உங்கள் பெயர்

தம்பி, கனடாவின் ஒன்ராறியோ மாகாணப் பல்கலைக்கழகமொன்றில் உதவிப் பேராசிரியராகச் சேரவிருக்கும் நீங்கள், உங்கள் சம்பளம் பெயரோடு இணையத்தில் வெளியாவதைத் தடுக்க வழியுண்டா என்று கேட்டிருந்தீர்கள். வழியில்லை. 1996ஆம் ஆண்டின் பொதுத்துறைச் சம்பள வெளிப்படுத்தல் சட்டப்படி, மாகாண அரசின் நிதி பெறும் பல்கலைக்கழகம், மருத்துவமனை போன்றவற்றில் ஆண்டுக்கு 100,000 டொலரோ அதற்கு மேலோ பெறுபவரின் பெயர், பதவி, சம்பளம், வரிக்குட்பட்ட சலுகைகள் ஆகியன ஒவ்வொரு மார்ச் இறுதிக்குள்ளும் வெளியிடப்படுகின்றன. இங்கே அதனைச் 'சன்ஷைன் லிஸ்ட்' என்பார்கள். விலைவாசி எவ்வளவோ ஏறியும் அந்த எல்லைத்தொகை மாறாததால், இன்று ஆசிரியர்களும் தாதியரும் பொலிஸாருமாக மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் இருக்கிறார்கள்.

பெயர் வெளியாவதைவிட, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே அந்தப் பட்டியலைப் பார்க்காமல் விடுவதைப் பற்றித்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும். இலங்கையில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் சுற்றறிக்கையைப் பார்த்தால் எந்தப் படிநிலைக்கு என்ன சம்பளம் என்று தெரிந்துவிடும். பேரம் பேசவேண்டிய தேவையே இல்லை. அந்தப் பழக்கத்தில் நானும் இங்கே முதலில் சொன்ன தொகைக்கே நன்றி கூறிக் கையெழுத்திட்டேன். இரண்டாம் ஆண்டு மார்ச்சில், குசினி மேசையில் தேநீர் ஆறிக்கொண்டிருக்கப் பட்டியலைத் திறந்தபோதுதான், என்னோடு அதே மாதத்தில் சேர்ந்த பக்கத்து அறைக்காரர் என்னைவிட 11,000 டொலர் அதிகம் பெறுவது தெரிந்தது. அவர் கேட்டிருக்கிறார்; நான் கேட்கவில்லை. ஆண்டு உயர்வு பெரும்பாலும் விழுக்காட்டில் வருவதால் அந்த இடைவெளி குறையாமல் கூடிக்கொண்டே போனது.

ஆகவே உங்கள் துறையில் அண்மையில் சேர்ந்தவர்களின் பெயர்களைத் தேடிப் பாருங்கள். ஆனால் ஓராண்டுத் தொகையை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். பட்டியலில் இருப்பது அந்த நாட்காட்டி ஆண்டில் உண்மையில் கொடுக்கப்பட்ட பணம் என்பதால், யூலையில் சேர்ந்தவருக்கு அரையாண்டுச் சம்பளமே கணக்கில் வரும். அது எல்லையைத் தொடாவிட்டால் பெயரே இராது. ஆய்வு விடுப்பில் போனவரின் தொகை குறைந்திருக்கலாம், துறைத் தலைவர் பொறுப்பு ஏற்றவருடையது கூடியிருக்கும். இரண்டு மூன்று ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் உண்மை நிலை புலப்படும். உங்கள் மனைவியும் இத்துறைக்கு வர எண்ணினால் அவரும் இதைச் செய்யட்டும்; மக்மாஸ்ரர் பல்கலைக்கழகம் 2015இல் தன் சம்பளங்களை ஆராய்ந்து, பெண் பேராசிரியர்களின் ஆண்டுச் சம்பளத்தை 3,515 டொலரால் உயர்த்த வேண்டியிருந்தது.

உறவினர்கள் பார்ப்பார்களே என்ற உங்கள் கூச்சமும் நியாயமானதுதான். ஸ்காபரோவில் ஒரு கலியாண வீட்டில், பந்தியில் எதிரே இருந்த பெரியவரொருவர் என் சம்பளத்தைச் சதக் கணக்கோடு ஒப்புவித்தார். வரியும் ஓய்வூதியப் பிடித்தமும் போகக் கைக்கு வருவதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை.