படபடப்பு பகை அல்ல

கேள்வி: என் மகள் 400 மீட்டர் ஓட்டக்காரி. பயிற்சியில் நன்றாக ஓடுகிறாள். ஆனால் போட்டியன்று தொடக்கக் கோட்டுக்குப் போகும் முன்பே நெஞ்சு படபடக்கிறது, கால்கள் கனக்கின்றன என்கிறாள். “பதற்றப்படாதே” என்று எவ்வளவு சொல்லியும் பயனில்லை. மனம் உடலை இவ்வளவு ஆட்டிவைக்குமா?

பதில்: ஆட்டிவைக்கும், ஆனால் அந்தப் படபடப்பையே பலவீனமாகக் கருதிவிடாதீர்கள். ஓடப்போகிறோம் என்று மூளை உணர்ந்ததுமே, ஓர் அடிகூட எடுத்து வைப்பதற்கு முன், உடலைச் செயலுக்குத் தயார்படுத்தும் பரிவு நரம்பு மண்டலம் முடுக்கிவிடப்படுகிறது. அட்ரீனல் சுரப்பிகள் அட்ரீனலினை இரத்தத்தில் கலக்கின்றன, இதயத் துடிப்பு ஏறுகிறது, கல்லீரல் குளுக்கோஸை வெளியிடுகிறது. தேர்ந்த வீரர்களுக்கும் இது நடக்கிறது.

வேறுபாடு துடிப்பில் இல்லை, மனம் போடும் கணக்கில் இருக்கிறது. இதை விளக்கியவர்களில் ஜிம் பிளாஸ்கோவிச் என்ற உளவியலாளர் முக்கியமானவர். ‘இதற்கு என் பலம் போதும்’ என்று மனம் மதிப்பிட்டால், இதயம் கூடுதலாக இரத்தத்தை இறைக்க, இரத்தக் குழாய்களும் தளர்ந்து வழிவிடுகின்றன. ‘போதாது’ என்று மதிப்பிட்டால், இதயம் அதே வேகத்தில் துடித்தாலும் குழாய்கள் இறுக்கமாகவே இருப்பதால், இறைக்கப்படும் இரத்தம் அவ்வளவாகக் கூடுவதில்லை. பதற்றம் மிகும்போது தொடையின் முன்தசையும் பின்தசையும் ஒரே நேரத்தில் இறுகி ஒன்றையொன்று தடுப்பதும் உண்டு. கால் கனப்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆகவே “பதற்றப்படாதே” என்பதை விட்டுவிடுங்கள். உடல் முடுக்கத்தில் இருக்கும்போது அமைதியாகு என்று கட்டளையிடுவது அதனோடு மல்லுக்கு நிற்பதாகும். 2014இல் அலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில், பாடுவதற்கும் மேடையில் பேசுவதற்கும் முன் ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, ‘நான் உற்சாகமாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களே சிறப்பாகச் செய்தனர். அது விளையாட்டைப் பற்றிய சோதனை அல்ல என்றாலும், ஓட்டக்காரருக்கும் பொருந்தும் என்றே நான் கருதுகிறேன். “உன் உடல் தயாராகிவிட்டது, அதனால்தான் துடிக்கிறது” என்று சொல்லுங்கள். கடைசி 100 மீட்டரைப் பயிற்சியில் அவள் எப்படி ஓடி முடித்தாள் என்பதை நினைவூட்டுங்கள். அழைப்புக்குக் காத்திருக்கும் நேரத்தில், உள்ளிழுப்பதைவிட வெளிவிடும் மூச்சை நீட்டி, இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக மூச்சுவிடட்டும். இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் வழியே துடிப்பு சற்றுத் தணியும். ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ மட்டும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்துதான் வேலை. ஆனாலும் மாலையில் சைக்கிள் மிதித்தால் சீக்கிரமே களைத்துவிடுகிறேன். ஏன்?

பதில்: களைத்திருப்பது தசை அல்ல, மூளையாக இருக்கலாம். 2009இல் மார்க்கோரா என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் நடத்திய சோதனையில், 90 நிமிடம் கூர்ந்த கவனம் தேவைப்படும் கணினிப் பணியைச் செய்தவர்கள், பிறகு சைக்கிள் மிதிக்கும்போது வழக்கத்தைவிட முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள்; இதயமும் தசைகளும் எப்போதும்போலவே இயங்கின, முயற்சி மட்டும் கடினமாகத் தோன்றியது. கடுமையான பயிற்சியைக் காலைக்கு மாற்றிப் பாருங்கள்.