கூரையில் ஆலங்கட்டி அடி: கையெழுத்துப் போடும் முன்

டல்லாஸ் பக்கம் ஆலங்கட்டி மழை பெய்த மறுநாளே ஒரு கூரை கான்ட்ராக்டர் வந்து, "டிடக்டபிளை (காப்பீட்டுப் பணம் வருமுன் நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய முதல் தொகை) நாங்களே பார்த்துக்கொள்கிறோம், கையெழுத்துப் போடுங்கள்" என்றார், போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். டெக்சஸில் 2019 செப்டம்பர் முதல் கான்ட்ராக்டர் அப்படி டிடக்டபிளைத் தள்ளுபடி செய்வது சட்டப்படி குற்றம். உங்கள் பங்கை நீங்கள்தான் கட்ட வேண்டும், கட்டியதற்கு ஆதாரமும் காப்பீட்டு நிறுவனம் கேட்கலாம்.

முதலில் பாலிசியை எடுத்துப் பாருங்கள். காற்று, ஆலங்கட்டிக்கு மட்டும் டிடக்டபிள் பெரும்பாலும் சதவீதக் கணக்கில் இருக்கும். வீட்டுக்கு 4 லட்சம் டாலர் காப்பீடு, 2 சதவீதம் என்றால் முதல் 8,000 டாலர் உங்களுடையது, சேதம் அதற்குள் அடங்கினால் கிளைம் போட்டு என்ன பயன்?

கூரை மேல் ஏறவே ஏறாதீர்கள். கீழே நின்றபடியே ஏசி வெளி யூனிட்டின் மெல்லிய தகடுகள், மழைநீர்க் கட்டர் (கூரை ஓரத்தில் தண்ணீர் ஓடும் தகரக் கால்வாய்), தபால் பெட்டி எல்லாவற்றையும் பாருங்கள், அவை நசுங்கியிருந்தால் ஷிங்கிளிலும் (கூரை மேல் பதித்த தட்டை ஓடுகள்) அடி விழுந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கட்டர் குழாய் வாயில் மணல் மாதிரி துகள்கள் குவிந்திருப்பதும் அடையாளம்தான், ஆனால் பழைய கூரையில் அது தானாகவே உதிரும், அதை மட்டும் நம்ப வேண்டாம். தேதியோடு படம் எடுத்து வையுங்கள். அப்புறம் சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் அட்ஜஸ்டர் வரும்போது கூடவே நில்லுங்கள்.