லண்டன் நேர்காணலுக்கு வரவேற்பு சூட் சரிப்படுமா?

கேள்வி: லண்டனில் மேற்படிப்பு முடித்த என் மகனை அங்குள்ள முதலீட்டு வங்கி ஒன்று நேர்காணலுக்கு அழைத்திருக்கிறது. மரபான அலுவலக உடையில் வர வேண்டும் என்று கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார்கள். அவனுடைய அக்காவின் திருமண வரவேற்புக்குத் தைத்த கறுப்பு சூட்டும் பழுப்பு நிற ஷூவும் அவனிடம் இருக்கின்றன. அவை போதுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டையும் தவிர்ப்பது நல்லது. மேடை விளக்கில் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று நாம் தேர்ந்தெடுக்கும் மினுமினுப்பான கறுப்பு, பிரிட்டிஷ் வழக்கத்தில் மாலை விருந்துக்கும் இறுதிச் சடங்குக்கும் உரிய நிறம். பகல்நேர அலுவலகத்துக்கு அவர்கள் நெடுங்காலமாக ஏற்றுக்கொண்டவை கருநீலமும் அடர்சாம்பலும்தான். பளபளப்பில்லாத கம்பளித் துணியில், ஒற்றை வரிசைப் பட்டன் வைத்த கோட்டும் அதே துணியில் பேன்ட்டும் இருக்கட்டும். சட்டை வெள்ளையாகவோ வெளிர்நீலமாகவோ இருந்தால் போதும்.

ஷூவில்தான் கூடுதல் கவனம் தேவை. லண்டன் நிதி வட்டாரத்தில் பழுப்பு ஷூ ஆகாது என்பது எழுதப்படாத விதி. பிரிட்டனின் சமூக முன்னேற்ற ஆணையம் 2016இல் வெளியிட்ட ஆய்வு, முதலீட்டு வங்கிகளுக்கு விண்ணப்பித்த இளைஞர்கள் சூட்டுடன் பழுப்பு ஷூ அணிந்தது, டை பளிச்சென்று இருந்தது போன்ற காரணங்களால்கூடக் குறைத்து மதிப்பிடப்பட்டதைச் சுட்டிக்காட்டியது. வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைகளை இப்படி வடிகட்டுவது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த வழக்கை உங்கள் மகன் நேர்காணல் அறையில் நடத்த வேண்டியதில்லை. கயிறு கட்டும் கறுப்புத் தோல் ஷூ, அதே நிறத்தில் பெல்ட், உட்காரும்போது கால் தோல் தெரியாத அளவுக்கு நீண்ட கருநிற சாக்ஸ் ஆகியவற்றை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். கோல்ட்மேன் சாக்ஸ் போன்ற பெரிய முதலீட்டு வங்கியே 2019இல் உடை விதிகளைத் தளர்த்திவிட்டதே என்று அவன் கேட்கக்கூடும். அது உண்மைதான் என்றாலும், அழைப்புக் கடிதத்திலேயே உடையைக் குறிப்பிட்ட இடத்தில் அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது.

டை ஒரே நிறத்திலோ சிறு புள்ளிகளுடனோ இருக்கலாம்; அதன் நுனி பெல்ட் பக்கிளைத் தொட்டால் அளவு சரி. கோடு போட்ட டையைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம், அந்நாட்டில் சில கோட்டு வரிசைகள் குறிப்பிட்ட படைப்பிரிவுகளுக்கும் பள்ளிகளுக்கும் மன்றங்களுக்கும் உரிய அடையாளங்கள் என்பதே.

விலையைவிட அளவு முக்கியம். நடுத்தர விலையில் வாங்கிய சூட்டையும் தையல்காரரிடம் கொடுத்துத் தோளும் கையும் பொருந்தச் செய்துவிட்டால், சட்டைக் கை கோட்டுக்கு வெளியே ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தெரியுமாறு அமைந்துவிட்டால், குறை சொல்ல ஒன்றுமிராது. கோட்டின் கடைசிப் பட்டனைப் போடாமல் விட வேண்டும். பின்புற வெட்டில் பெருக்கல் குறிபோல் போட்டிருக்கும் தற்காலிகத் தையலையும், கையின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளையும் (நம் ஊர் மேடைகளில் மாப்பிள்ளையோடு சேர்ந்து அதுவும் புகைப்படத்தில் விழுவதுண்டு) முதலிலேயே பிரித்துவிட வேண்டும். புதிய ஷூவை முன்கூட்டியே வீட்டுக்குள் அணிந்து பழகிக்கொண்டால், அன்றைக்குக் காலைக் கடிக்காது.