குறி பார்க்காமல் சுடும் துப்பாக்கி கிடையாது

கேள்வி: வீட்டுப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி வாங்க உரிமம் எடுத்துவிட்டோம். 12 போர் (குழல் அளவு) ஷாட்கன் என்றால் குறி பார்க்கவே வேண்டாம் என்கிறார் கணவர். எனக்கு மணிக்கட்டு வலி உண்டு, குட்டி பிஸ்டல் போதும் என்று தோன்றுகிறது. இரண்டு சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் பாதிதான் சரி. முதலில் உங்கள் கணவர். ஷாட்கன் சுட்டால் அறை முழுக்கக் குண்டு பரவும் என்பது சினிமாவில் பார்த்தது. பெரிய குண்டுகள் போட்ட 12 போர் தோட்டாவில் எட்டு ஒன்பது ஈயக் குண்டுகள் இருக்கும், நாலைந்து மீட்டருக்குள் அவை பெரும்பாலும் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மேல் விரிவதில்லை. குறி தவறினால் ஒன்பதும் சேர்ந்துதான் தவறும், மெல்லிய தடுப்புச் சுவராக இருந்தால் அதையும் துளைத்துக்கொண்டு போகும். அந்தப் பக்கம் படுத்திருப்பது யார் என்று யோசியுங்கள்.

சரி, உங்கள் குட்டி பிஸ்டல்? எடை குறையக் குறைய, சுடும்போது கையைப் பின்னால் தள்ளும் உதை அதிகம், பிடியில் சுண்டுவிரலுக்கு இடமிருக்காது, மணிக்கட்டு வலிக்கு இதைவிட மோசமான தேர்வு இல்லை. அதே தோட்டாவை முழு அளவு பிஸ்டலில் சுட்டுப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். தோட்டா ஏற்றப் பிஸ்டலின் மேல்பாகத்தைப் பின்னால் இழுக்க வேண்டும், அதற்குக் கை வராவிட்டால் அப்படி இழுக்கத் தேவையில்லாத ரிவால்வர் இருக்கிறது, ஆனால் அதன் விசை கனமானது, இழுக்கும்போதே குறி ஆடும். ஷாட்கன்தான் வேண்டுமென்றால் குழல் சிறியதாக, உதை குறைவாக இருக்கும் 20 போரைப் பாருங்கள் (போர் எண் கூடினால் குழல் சிறியது). எதுவானாலும் பயிற்சிக் கூடத்தில் இருவரும் ஐம்பது தோட்டாவாவது சுட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். உங்கள் கைக்கு எது அடங்குகிறதோ அதுதான் வீட்டுக்கு. அவர் கை எதற்கும் பழகிக்கொள்ளும்.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் பேச்சே இல்லை. தலையணைக்கு அடியில், அலமாரி மேல் தட்டில் எல்லாம் வைக்கக் கூடாது, நீங்கள் ஒளித்து வைக்கும் இடம் எதுவும் அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. எண் அழுத்தினால் திறக்கும் இரும்புப் பெட்டியைச் சுவரிலோ தரையிலோ இறுக்கிப் பொருத்துங்கள், இருட்டில் தடவியே திறக்கப் பழகுங்கள். அப்புறம் ஒரு நல்ல டார்ச். இரவில் தண்ணீர் குடிக்க எழுந்த ஆளைத் திருடன் என்று நினைத்துச் சுட்டவர்கள் உண்டு, முகம் தெரியாமல் விசையில் விரல் போகவே கூடாது. இந்தப் பெட்டி, டார்ச், பயிற்சித் தோட்டா செலவையெல்லாம் கழித்துவிட்டு மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள், துப்பாக்கிக்கான பட்ஜெட் அதுதான்.