விடுமுறையில் கோல்ஃப்: ஹேண்டிகேப் 25-ஐத் தாண்டியவர் எங்கே ஆடலாம்? – கேள்வி பதில்

விடுமுறைக்குக் கிளம்பும்போது பெட்டியோடு கோல்ஃப் பையையும் சேர்த்துக் கட்டுகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. என் ஹேண்டிகேப் (திறமையைப் பொறுத்து ஒருவருக்குத் தரும் ஷாட் சலுகை; எண் கூடினால் ஆட்டம் அவ்வளவு பலவீனம்) 27. பதினாறு வருடமாக ஆடுகிறேன். போகிற ஊரில் மைதானம் இருந்தால் ஒரு ரவுண்டாவது ஆடாமல் திரும்பமாட்டேன். நம் மாதிரி ஆட்டக்காரர்களை மனதில் வைத்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், கிண்டியில் ஆடப் பழகினேன். ஹேண்டிகேப் 28. வெளியூர் மைதானத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்? – சென்னை வாசகர்

உங்கள் தப்பு ஷாட் எந்தப் பக்கம் போகும்? அங்கேயிருந்து தொடங்குங்கள். வலது கை ஆட்டக்காரர்களில் நம் நிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஸ்லைஸ்தான் அடிக்கிறோம், பந்து வலது பக்கம் வளைந்து ஓடுகிறது. அப்படியானால் மைதானத்தின் வலது பக்கம் என்ன இருக்கிறது என்பதுதான் உங்கள் நாளைத் தீர்மானிக்கப்போகிறது. பக்கத்து ஃபேர்வே (ஒட்ட வெட்டிய புல் பாதை) இருந்தால் பிழைத்தீர்கள். குளமோ மதில் சுவரோ இருந்தால் மதியத்துக்குள் பையில் பந்து தீர்ந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டாம். செயற்கைக்கோள் வரைபடத்தில் மைதானத்தைத் திறந்து, ஒவ்வொரு டீயிலிருந்தும் (முதல் ஷாட் அடிக்கும் இடம்) விரலை வைத்து நகர்த்திப் பாருங்கள். டீக்கும் ஃபேர்வேக்கும் நடுவே தண்ணீரோ பள்ளமோ குறுக்கே கிடந்தால், அதைத் தாண்ட எத்தனை யார்டு பறக்க வேண்டும் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பதினெட்டுக் குழியில் நாலைந்து இடத்தில் 150 யார்டுக்கு மேல் பறந்தே ஆக வேண்டும் என்றால் நான் அந்த மைதானத்தை விட்டுவிடுவேன். உருட்டிக்கொண்டே கிரீனுக்குள் (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரை) போக வழி இருக்கிறதா, அல்லது கிரீனுக்கு முன்னால் முழுக்க பங்கர் (மணல் பள்ளம்) அடைத்து நிற்கிறதா என்பதையும் பாருங்கள்.

அடுத்தது ஸ்லோப் எண். ஸ்கோர் கார்டில் போட்டிருப்பார்கள். திறமையான ஆட்டக்காரரைவிட நம்மைப் போன்றவர்களை அந்த மைதானம் எவ்வளவு கூடுதலாகச் சிரமப்படுத்தும் என்று காட்டும் எண் அது. 55-லிருந்து 155 வரை போகும், 113 நடுத்தரம். உங்கள் ஹேண்டிகேப்பை ஸ்லோப்பால் பெருக்கி 113-ஆல் வகுத்துப் பாருங்கள். ஸ்லோப் 140 உள்ள இடத்தில் உங்கள் 28 ஏறக்குறைய 35 ஆகிவிடும். ஏழு ஷாட் கூடுதலாகத் தேவைப்படும் என்று கணக்கே சொல்லும்போது, அங்கே போய் ‘இன்னிக்கு ஆட்டம் சரியில்லை’ என்று வருத்தப்படுவதில் என்ன இருக்கிறது? என் வழக்கம், விடுமுறையில் 125-க்குக் கீழே.

கேள்வி: அண்ணா, என் கணவர் எங்கே போனாலும் பின்னால் தள்ளி இருக்கும் வெள்ளை டீயில்தான் ஆடுவார். டிரைவர் மட்டையால் (மிக நீளமாக அடிப்பது) அடித்தாலும் 200 யார்டு போனால் அதிகம். முன்னால் உள்ள டீ பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் என்கிறார். – கோயம்புத்தூர் வாசகி

தங்கச்சி, அவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 2011-இல் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் அந்நாட்டுத் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கமான பிஜிஏ-வும் சேர்ந்து ‘டீயை முன்னால் கொண்டு வாருங்கள்’ என்று ஓர் இயக்கமே நடத்தின. டிரைவர் 200 யார்டு போகிறவருக்கு அவர்கள் சொன்ன மொத்த நீளம் 5,200 முதல் 5,400 யார்டு. 225 போனால் 5,800 முதல் 6,000. 175 போனால் 4,400 முதல் 4,600. ஆண், பெண், வயது எதுவும் அதில் வராது. பந்து எவ்வளவு தூரம் போகிறது என்பது மட்டும்தான்.

பல இடங்களில் வெள்ளை டீயிலிருந்து மொத்த நீளம் 6,200 யார்டைத் தாண்டும். உங்கள் கணவர் அங்கே நின்றால், பார் 4 (நாலு ஷாட்டில் முடிக்க வேண்டிய குழி) பலவற்றில் இரண்டாவது ஷாட்டில் கிரீனைத் தொட முடியாது. நாள் முழுக்க ஃபேர்வே வுட் என்ற நீள மட்டையைத்தான் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். முன் டீக்கு வந்தால் அதே பார் 4-க்கு ஏழாம் எண் இரும்பு மட்டை கையில் வரும். ஆட்டத்தின் சுவையே அங்கேதான் இருக்கிறது. ஒரே ஒரு ரவுண்டு, அவரையும் கூட்டிக்கொண்டு முன் டீயில் நின்று பாருங்கள்.

கேள்வி: மே மாதம் குடும்பத்தோடு மலைக்குப் போகிறோம். கொடைக்கானலா ஊட்டியா? ஹேண்டிகேப் 32. – மதுரை வாசகர்

கொடைக்கானலுக்குப் போங்கள். அங்குள்ள கோல்ஃப் கிளப் 1895-இல் தொடங்கியது, பதினெட்டு குழி. ஃபேர்வே மலைச்சரிவோடு ஏறி இறங்கும். சமதளத்தில் நின்று அடிக்கும் ஷாட் குறைவு. பந்து காலுக்கு மேலே இருந்தால் இடது பக்கம் போகும், கீழே இருந்தால் வலது பக்கம் போகும். இதை மனதில் வைத்துக் குறி பாருங்கள். சரிவில் முழு வீச்சு வேண்டாம், முக்கால் வீச்சு போதும்.

ஒரு காலை பனி விலகும் நேரத்தில், நான் அடிக்க வேண்டிய கிரீனின் ஓரத்தில் ஒரு காட்டு மாடு நின்றது. முழங்கால் வரை வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி கால்கள், கறுத்த பளபள முதுகு, மூக்கிலிருந்து ஆவி. புல்லை இழுக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. கேடி (கோல்ஃப் பை தூக்கி வழிகாட்டும் உதவியாளர்) கையைக் காட்டி நிறுத்திவிட்டார். பத்து நிமிடம் நின்றோம். அது தானாக நகர்ந்து சோலைக்குள் போனது. அவசரப்பட்டு விரட்டவோ, பக்கத்தில் போய் படம் எடுக்கவோ கூடாது. குழந்தைகள் கூட வந்தால் இதை முன்பே சொல்லி வையுங்கள்.

ஊட்டி ஜிம்கானா மைதானமும் அழகுதான். ஆனால் முட்புதருக்குள் பந்து போனால் மறந்துவிட வேண்டியதுதான். 32-க்கு அது கொஞ்சம் கண்டிப்பான இடம்.

இன்னொரு விஷயம்: ஏழாயிரம் அடி உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு, பந்து ஏழெட்டு சதவீதம் கூடுதலாகப் பறக்கும். மதுரையில் 150 போகிற இரும்பு அங்கே 160-ஐத் தொடும். விடியற்காலைக் குளிரில் அதில் கொஞ்சம் குறையும். மே மாதம் சீசன் கூட்டம் இருக்கும், வெளியாட்களுக்கு எந்த நேரம் தருவார்கள் என்று கிளம்புவதற்கு முன் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வணக்கம் அண்ணா. கனடாவிலிருந்து இரண்டு கிழமை இலங்கைக்கு வருகிறோம். நுவரெலியாவில் ஆட விருப்பம். ஒடுக்கமான மைதானம் என்று பயமுறுத்துகிறார்கள். – டொரன்டோ வாசகர்

ஒடுக்கம்தான், தம்பி. இரண்டு பக்கமும் உயர்ந்த மரங்கள். ஆனால் நீளம் குறைவு, ஏறக்குறைய 5,500 யார்டு. அதனால் டிரைவரைப் பையிலேயே விடுங்கள். ஐந்தாம் எண் ஹைப்ரிட் மட்டையில் 160 யார்டு நேராகப் போனால் அங்கே போதும். மரத்துக்குள் போன பந்தை இடைவெளியில் நுழைத்து கிரீனுக்கு அனுப்பப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் ஃபேர்வேக்குத் தள்ளிவிட்டு அங்கிருந்து ஆடுங்கள். ஊருக்கு நடுவிலேயே மைதானம் இருப்பதால் வீட்டுக்காரர்கள் கடைத்தெருவுக்குப் போய் வருவதற்குள் ஒன்பது குழி முடிந்துவிடும். ஏப்ரலில் புத்தாண்டு சீசன், அறை கிடைப்பதே கஷ்டம். அந்த மாதத்தைத் தவிர்த்தால் நல்லது.

கண்டிப் பக்கம் போனால் திகனவில் விக்டோரியா மைதானம் இருக்கிறது. டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்தது, நீர்த்தேக்கத்தை ஒட்டியது. பரந்த இடம், ஏற்ற இறக்கம் உண்டு, வண்டி எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் ரோயல் கொழும்பு. 1879-இல் தொடங்கிய கழகம், களனிவெளி ரயில் பாதை மைதானத்துக்குள்ளேயே போகிறது. தட்டையான நிலம், நடக்க எளிது, தண்ணீரை மட்டும் பார்த்து ஆட வேண்டும். மூன்றில் ஒன்றென்றால் நான் விக்டோரியாவைச் சொல்வேன். ஸ்லைஸுக்கு இடம் கொடுக்கிற மைதானம் அது.

கேள்வி: மகள் எடின்பரோவில் படிக்கிறாள். பட்டமளிப்புக்குப் போகும்போது செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் ஒரு முறை ஆட ஆசை. ஹேண்டிகேப் 30. பேராசையா? – திருச்சி வாசகர்

இல்லவே இல்லை. உலகத்தில் பெயர் பெற்ற மைதானங்களில் நம்மிடம் இவ்வளவு அன்பாக நடந்துகொள்வது வேறு ஒன்று இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. முதல் குழியும் பதினெட்டாம் குழியும் ஒரே ஃபேர்வேயைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அகலம் ஏறக்குறைய 130 யார்டு, நடுவில் ஒரு பங்கர்கூட இல்லை. மரம் கிடையாது. முதல் கிரீனுக்கு முன்னால் ஓடும் சுவில்கன் ஓடையைத் தவிர, தண்ணீரைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய இடம் மிகக் குறைவு.

அங்கே ஆடுகிறவர்களின் பழைய பாடம் ஒன்றுதான்: சந்தேகமாக இருந்தால் இடது பக்கம். வலது பக்கம் முட்புதரும் எல்லைக்கோடும் இருக்கும். இடது பக்கம் பெரும்பாலும் பக்கத்து ஃபேர்வே. நீங்கள் ஸ்லைஸ் அடிப்பவர் என்றால் ஒவ்வொரு டீயிலும் மனதுக்குப் போதும் என்று படுவதைவிட இன்னும் இருபது யார்டு இடது பக்கம் குறி வையுங்கள். மொத்தம் 112 பங்கர். கிணறு மாதிரி ஆழமாக, சுவர் செங்குத்தாக இருக்கும். உள்ளே விழுந்தால் கொடியைப் பார்க்காதீர்கள், வெளியே வருவதற்கு எது சுலபமான திசையோ அந்தப் பக்கம் அடியுங்கள், பின்பக்கமாக இருந்தாலும் சரி.

ஹேண்டிகேப் சான்று கேட்பார்கள், 36 வரை அனுமதி. உங்கள் கிளப்பில் வாங்கிக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பொதுவாக ஆட்டம் கிடையாது, ஊர் மக்கள் நடைப்பயிற்சிக்கு வரும் நாள். நேரம் கிடைக்க இரண்டு நாள் முன்னால் நடக்கும் குலுக்கலில் பெயர் கொடுக்க வேண்டும். அதனால் ஒரே நாளுக்குப் போய்விட்டுத் திரும்பலாம் என்று திட்டமிடாதீர்கள், மூன்று இரவு தங்குங்கள்.

குலுக்கலில் பெயர் வரும்வரை ஸ்ட்ராத்டைரம் மைதானத்தில் ஆடுங்கள். 1993-இல் திறந்தது, நீளம் குறைவு, பங்கரும் குறைவு, அதே கடற்கரைப் புல். மகளுக்கு ஆடிப் பழக்கமில்லை என்றால் பால்கோவ் என்ற ஒன்பது குழி மைதானம் அங்கேயே இருக்கிறது. அப்பாவும் மகளுமாக ஒரு மாலை அங்கே போய் வாருங்கள். கார்னூஸ்டி மைதானம் பக்கத்தில்தானே என்று யாராவது சொல்வார்கள். அங்கே பேரி ஓடை கடைசிக் குழிகளில் திரும்பத் திரும்பக் குறுக்கே வரும். இந்தப் பயணத்தில் அது வேண்டாம்.

கேள்வி: நியூயார்க் போகிறேன். பெத்பேஜ் பிளாக் பொது மைதானம்தானே, ஆடிவிடலாமா? – பெங்களூரு வாசகர், ஹேண்டிகேப் 26

முதல் டீ பக்கத்திலேயே பலகை வைத்திருக்கிறார்கள்: இது மிகக் கடினமான மைதானம், மிகத் திறமையானவர்களுக்கு மட்டுமே பரிந்துரைக்கிறோம் என்று. அதை மதியுங்கள். அதே வளாகத்தில் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று இன்னும் நான்கு இருக்கின்றன. மஞ்சளில் ஆடுங்கள். அந்தப் பலகை பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து நான்கு பேர் தாய்லாந்து போகிறோம். மற்ற மூவரும் 12-க்குக் கீழே, நான் 34. அவர்களுக்குச் சுமையாகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, அண்ணே. – சிங்கப்பூர் வாசகர்

இந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரியும், தம்பி. பல வருடம் முன்பு ஒரு புது மைதானத்தில், தண்ணீரைத் தாண்டும் குழியில் எட்டுப் பந்து அடித்தேன். பின்னால் மூன்று குழு காத்து நின்றது. யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் அடுத்த ஆறு குழியும் என் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. என்னை அந்த மைதானத்துக்கு அனுப்பிய ஏற்பாட்டாளர் என் ஹேண்டிகேப் என்ன என்றே கேட்டிருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் மைதானத்தை நானே பார்த்துத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தேன்.

உங்களுக்கு மருந்து ஸ்டேபிள்ஃபோர்ட். டாக்டர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் யோசித்த புள்ளி முறை, 1932-இல் இங்கிலாந்தின் வாலசி கிளப்பில் ஆடப்பட்டது. ஹேண்டிகேப்பைக் கழித்து பார் எடுத்தால் 2 புள்ளி, ஒன்று கூடினால் 1, அதற்கு மேல் போனால் பூஜ்யம். பூஜ்யம் என்று தெரிந்தவுடன் பந்தைக் கையில் எடுத்துவிட்டு அடுத்த குழிக்கு நடக்கலாம். உங்களுக்கு 34 ஷாட் சலுகை என்றால் பதினாறு குழியில் இரண்டிரண்டு ஷாட் கிடைக்கும். பார் 4-இல் ஆறு அடித்தாலே 2 புள்ளி! உங்கள் நண்பர் அதே 2 புள்ளிக்கு நாலோ ஐந்தோ அடித்தாக வேண்டும். ஆட்டம் உண்மையாகவே சமமாகிவிடும். பந்து தேட மூன்று நிமிடம்தான் விதி. நீங்கள் ஒரு நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஹுவா ஹின் போங்கள். அங்கே ராயல் ஹுவா ஹின் 1924-இல் உருவானது, ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. பழைய பாணி மைதானம், பெரிய பயமுறுத்தல் இல்லை. தாய்லாந்தில் கேடி வைத்துக்கொள்வதுதான் வழக்கம். பெரும்பாலும் பெண்கள், மைதானத்தை உள்ளங்கை மாதிரி அறிந்தவர்கள். முதல் டீயிலேயே உங்கள் ஸ்லைஸைச் சொல்லிவிடுங்கள், அவர் கை காட்டும் இடத்தில் அடியுங்கள். ஆட்டம் முடிந்ததும் டிப்ஸை அவர் கையிலேயே கொடுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும்.

கேள்வி: எத்தனை பந்து எடுத்துப் போகலாம்? – சேலம் வாசகர்

ரவுண்டுக்கு ஒரு டஜன், விலை குறைந்தது. மஞ்சள் நிறமாக இருந்தால் உதிர்ந்த இலைக்கு நடுவிலும் சீக்கிரம் கண்ணில் படும்.

கேள்வி: விமானம் விட்டு இறங்கிய மறுநாளே பெரிய மைதானத்தில் நேரம் பதிவு செய்திருக்கிறேன். மாற்ற வேண்டுமா? – லண்டன் வாசகி

முடிந்தால் மாற்றுங்கள், அக்கா. முதல் நாள் ஒன்பது குழி, பார் 3 மைதானமாக இருந்தால் இன்னும் நல்லது. அமெரிக்காவில் பைன்ஹர்ஸ்ட் போகிறவர்களுக்கு அங்கே கிரேடில் என்று ஒன்பது குழி இருக்கிறது, மொத்தமே 789 யார்டு. வெட்ஜ், பட்டர் என்று இரண்டு மட்டை போதும். நீங்கள் போகிற ஊரில் அப்படி எதுவும் இல்லை என்றால், மறுநாள் ஆடப்போகும் மைதானத்தின் பயிற்சி கிரீனில் ஒரு மணி நேரம் பட்டிங் மட்டும் போட்டுப் பாருங்கள். புது ஊர்ப் புல்லின் வேகம் அதற்குள் கைக்கு வந்துவிடும்.